ராக் ஷோவுக்குப் போகுமுன் காதுக்கு ஒரு ஏற்பாடு

பெங்களூரில் ஒரு உணவகத்தின் பாரில் வேலை. ராத்திரி முழுக்க ஷேக்கரில் ஐஸ் அடிக்கும் சத்தமும் ஸ்பீக்கரும் காதிலேயே இருக்கும், லீவு கிடைத்தால் நேராக இண்டி ராக் ஷோதான், அந்த கிட்டார் இரைச்சல் எனக்கு உயிர். ஒருமுறை ஷோ முடிந்த மறுநாள் காதில் ஒரே 'ஙொய்ங்', கவுன்ட்டரில் ஒவ்வொரு ஆர்டரையும் குனிந்து இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான்.

பஞ்சு வைத்தால் போதாது. ஃபோம் இயர்ப்ளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது உப்பி அடைக்கும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் இந்த அரை நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். பாட்டு மங்கலாகக் கேட்கிறதா? இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் ப்ளக் வாங்குங்கள், எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பெயர்போன மை பிளடி வேலன்டைன் ராக் குழு 2008இல் தங்கள் ரசிகர்களுக்கு வாசலிலேயே இயர்ப்ளக் கொடுத்தது. நான் ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்.