கேம் நடுவே பிங் எகிறுகிறதா? அப்லோடைக் கவனியுங்கள்

ஆன்லைன் கேம் திணறினால் பலரும் உடனே வேகமான பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. கேமுக்கு வேண்டிய டேட்டா மிகக் குறைவு. அது தாமதமில்லாமல் போய் வர வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் போய் வர ஆகும் நேரம்தான் பிங்.

முதலில் லேன் கேபிளில் விளையாடிப் பாருங்கள். வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை; ஆனால் சுவர்களைத் தாண்டும்போது அது சீக்கிரம் வலுவிழக்கும்.

கேபிளிலும் பிங் எகிறினால், வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்லோடு நிரம்பியதும் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) ரவுட்டரில் வரிசைகட்டி நிற்கும். உங்கள் கேம் பாக்கெட்டும் அந்த வரிசையில்தான் காத்திருக்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ரவுட்டர் செட்டிங்கில் எஸ்.க்யூ.எம். (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் அதை இயக்கி, அப்லோடு, டவுன்லோடு இரண்டின் வரம்பையும் நிஜமாகக் கிடைக்கும் வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வையுங்கள். டவுன்லோடு சற்றுக் குறையும், பரவாயில்லை. பிங் நிலையாக இருப்பதுதான் நமக்கு முக்கியம்.

அப்புறம், கேமில் அருகிலுள்ள சர்வரையே தேர்ந்தெடுங்கள். தூரத்தால் வரும் தாமதத்தை எந்த ரவுட்டரும் குறைக்காது.