பரு மருந்து போட்டதும் முகம் காந்துகிறதா? ட்யூபைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

போன வைகாசியில் திருமங்கலத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, மூஞ்சி காந்துதுக்கா, ரசம் பட்டாக்கூட வாயோரம் எரியுது, இந்த ஆயின்ட்மென்ட் எனக்கு ஒத்துக்கலை, தூக்கிப் போட்டுடவா?" என்றாள். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது அடாபலீன் 0.1 சதவீத ஜெல், ராத்திரி மட்டும், கொஞ்சமாக. அவள் போட்டதோ காலையும் ராத்திரியும், பரு இருக்கிற இடத்தில் எல்லாம் கெட்டியாக, ஏனென்றால் பதினைந்து நாளில் வீட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. ஐந்தாம் நாள் கன்னம் செதில் செதிலாக உரிந்து, மூக்கோரம் வெடித்துவிட்டது.

மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை. அளவும் வேகமும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் நல்ல மருந்தை மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் இருபத்திரண்டு வயதில் இரண்டு முறை அப்படி நிறுத்தினேன், அந்த வருடத்துப் பருக்கள் விட்டுப்போன குழிகள் இன்னும் கன்னத்தில் இருக்கின்றன. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் எரிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும் ரெட்டினாய்டு வகை, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதில்தான் பரு தொடங்குகிறது, இந்த மருந்துகள் அந்த அடைப்பு உண்டாகாமல் பார்த்துக்கொள்கின்றன. அதற்காகத் தோல் செல்கள் உதிர்ந்து புதிதாக வருவதை வேகப்படுத்துகின்றன. அப்போது மேலே காப்பாக இருக்கிற அடுக்கு கொஞ்ச நாளைக்கு மெலிந்துபோகிறது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடுகிறது, வெளியே இருக்கிற சோப்பும் வியர்வையும் உள்ளே சுருக்கென்று இறங்குகின்றன. பென்சாயில் பெராக்சைடு வேறு வகை. அது பருவில் இருக்கிற பாக்டீரியாவைக் கொல்லும், கூடவே தோலையும் நன்றாக உலர்த்தும். இரண்டுக்கும் தோல் பழகிக்கொள்ளும். முதல் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரைதான் பாடு, அப்புறம் அடங்கிவிடும். பரு குறைவது கண்ணுக்குத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நடுவில் கொஞ்ச நாள் பரு கூடின மாதிரிகூடத் தெரியலாம், உள்ளே அடைத்துக் கிடந்தவை வெளியே வருவதால் அப்படி.

சரி, அளவுக்கு வருவோம். முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பச்சைப் பட்டாணி அளவு, அவ்வளவுதான். விரல் நுனியில் எடுத்து நெற்றியில், இரண்டு கன்னத்தில், தாடையில் ஒவ்வொரு பொட்டு வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற மாதிரி அப்பினால் அதிகம் என்று அர்த்தம். ரெட்டினாய்டைப் பரு மேல் மட்டும் வைத்துப் பிரயோசனம் இல்லை, இனிமேல் பரு வரப்போகிற இடத்துக்கும் சேர்த்துப் போடுகிற மருந்து அது. கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது உண்மையில்லை, எரிச்சல்தான் கூடும். பென்சாயில் பெராக்சைடிலும் இதே கதைதான். 2.5, 5, 10 சதவீதங்களில் வருகிறது, 2.5 சதவீதமே பெரிய சதவீதங்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்யும், எரிச்சல் மட்டும் குறைவு. மெடிக்கலில் போய் ஸ்ட்ராங்கானதாகக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? உங்கள் டாக்டர் தனியாக ஒரு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி. ஒன்றும் சொல்லாமல் "ராத்திரி போடுங்க" என்று மட்டும் எழுதியிருந்தால், முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். ரொம்ப மெல்லிய தோலாக இருந்தால் வாரத்துக்கு இரண்டு ராத்திரி போதும். முகம் தாங்குகிறது என்று தெரிந்தபிறகு ஒவ்வொரு ராத்திரியாகக் கூட்டலாம். இன்னொரு வழியும் உண்டு: மருந்தைப் போட்டு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து கழுவிவிடுவது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, பிறகு ராத்திரி முழுக்க விடலாம். என் சித்தி மகளுக்கு இந்த வழிதான் கைகொடுத்தது.

ராத்திரியில் எதற்குப் பின் எது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முகம் கழுவினதும் ஈரத்தோடு மருந்து போடாதீர்கள். ஈரமான தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும், காந்தலும் அதிகமாகும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, சுமார் இருபது நிமிடம், ஒரு சீரியல் ஓடி முடிகிற நேரம், சும்மா இருங்கள். மதுரையில் கத்திரி வெயில் நாட்களில் அந்த இருபது நிமிடத்துக்குள் மறுபடி வியர்த்துவிடும், அப்போது ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முகம் நன்றாக உலர்ந்தபிறகு போடுங்கள். கரண்ட் போய் வியர்த்து ஊற்றுகிற ராத்திரியில் ஒரு நாள் விட்டுவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மருந்துக்கு முன்னால் கண்ணைச் சுற்றி, மூக்கோரம், வாயின் இரண்டு முனை, உதடு இங்கெல்லாம் லேசாக வாசலின் தடவுங்கள். மருந்து வழிந்து முதலில் வெடிப்பது அங்கேதான். அப்புறம் மாய்ஸ்சரைசர். வறட்சி அதிகம் இருக்கிறவர்கள் முதலில் மாய்ஸ்சரைசர், அது ஊறினபிறகு மருந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மாய்ஸ்சரைசர் என்று மூன்று அடுக்காகப் போடலாம். தாங்குகிறவர்களுக்கு மருந்துக்குப் பிறகு ஒரு முறை போதும்.

"எனக்கே எண்ணெய் வடிகிற முகம், இதில் க்ரீம் வேறா?" என்று கேட்பீர்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. முகத்தில் எண்ணெய் மினுமினுக்கும்போதே தோல் ஈரமில்லாமல் உரிந்துகொண்டிருக்கும். கிளிசரினோ செராமைடோ உள்ள, வாசனை போடாத, அட்டையில் நான்-காமெடோஜெனிக் (மயிர்க்காலை அடைக்காதது) என்று எழுதியிருக்கிற எதுவானாலும் சரி, விலை கூடுதலாக இருக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அப்பத்தா காலத்திலிருந்து எல்லா வறட்சிக்கும் அதுதான் மருந்து என்றாலும், முகத்தில் அது மயிர்க்காலை அடைக்கக்கூடியது, பருவுக்கு மருந்து போடுகிற முகத்துக்கு ஆகாது. தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதைப் பற்றி மதுரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புறநகரில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், உப்புத் தண்ணீர், குழாய்முனையில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காக முகத்திலேயே தங்கிவிடும், கழுவி முடித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும். சோப்பே காரத்தன்மை உள்ளது, தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, இரண்டுக்கும் ஒத்துவராது. அதனால் இந்த இரண்டு மாதத்துக்காவது குளியல் சோப்பை முகத்துக்கு எடுக்காமல், நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, போதும். உப்புத் தண்ணீரில் கழுவினாலும் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர், கார்ப்பரேஷன் குழாயில் வைகைத் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததோ, கேன் தண்ணீரோ, ஊற்றி அலசுங்கள். எனக்கு அந்த ஒரு சொம்பிலேயே வித்தியாசம் தெரிந்தது. சுடுதண்ணீர் வேண்டாம்.

கடலை மாவு, பயத்த மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சை, பற்பசை எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். தோல் உரிகிறதே என்று ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பது, செதிலைக் கிள்ளி எடுப்பது இரண்டும் கூடாது. சோற்றுக்கற்றாழையை வெட்டி அப்படியே பூசுவதும் வேண்டாம், அதன் தோலுக்கடியில் வடிகிற மஞ்சள் பால் ஏற்கெனவே புண்ணாகிப்போன முகத்தில் அரிக்கும்.

வெயிலைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் மெலிந்த தோலில் அது இரண்டு மடங்கு உறைக்கும். நம் ஊர்த் தோலில் எரிச்சல் வந்துபோன இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும், பருவைவிட அந்தக் கறுப்புதான் பலரை அழவைக்கிறது. அதனால் காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கினால் எவ்வளவோ அவ்வளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். டூவீலரில் போகிறவர்கள் பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள், இறுக்கிக் கட்டினால் அந்த உராய்வே புதுப் பருவைக் கொண்டுவரும். சித்திரைத் திருவிழாவில் விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய்விட்டு வெயில் ஏறினபிறகு நடந்தே வீடு திரும்புகிற வழக்கம் நமக்கு உண்டு, அன்றைக்குக் கையில் குடை இருக்கட்டும், முந்தின ராத்திரி மருந்தையும் விட்டுவிடுங்கள். மருந்தை ராத்திரியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. குறிப்பாக ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டால் வீணாகிவிடும். அதைப் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்திலும் போடாதீர்கள். அடாபலீன் பென்சாயில் பெராக்சைடோடு ஒத்துப்போகும், இரண்டும் கலந்த ஜெல்லே இருக்கிறது.

பென்சாயில் பெராக்சைடு போடுகிறவர்கள் வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது சாயத்தை வெளுத்துவிடும். முகம் கழுவி சேலைத் தலைப்பில் துடைக்கிற பழக்கம் இருந்தால், நல்ல சுங்குடிச் சேலை ஒன்று திட்டுத்திட்டாகப் போய்விடும்.

பார்லர் போகிறவர்கள் மருந்து தொடங்கின பிறகு முகத்தில் வாக்ஸிங் செய்யாதீர்கள், மெலிந்த தோல் மெழுகோடு உரிந்து வந்துவிடும். ப்ளீச், ஃபேஷியலும் வேண்டாம். புருவ த்ரெட்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் சில நாள் முன்னாலேயே மருந்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஆண்கள் சலூனில் ஷேவிங் முடிந்ததும் படிகாரக் கல் தேய்க்க வருவார்கள், வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள். முதல் மாதம் ட்ரிம்மரோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

எது வழக்கமான எரிச்சல், எது ஆபத்து? லேசாகச் செதில் உரிவது, இழுப்பது, மருந்து போட்டதும் சில நிமிடம் சுருசுருவென்று இருப்பது, இவை வழக்கம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கன்னம் கொஞ்சம் கறுத்து மங்கின மாதிரிதான் தெரியும், அதையும் கவனியுங்கள். வெறும் தண்ணீரோ மாய்ஸ்சரைசரோ பட்டாலே எரிகிறது, நீர் கசிகிறது, வெடித்து வலிக்கிறது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். நான்கைந்து நாள் வெறும் தண்ணீர், மாய்ஸ்சரைசர், வெடித்த இடத்தில் வாசலின், இவ்வளவுதான். எரிச்சல் முழுக்க அடங்கினதும் மூன்று நாளைக்கு ஒரு ராத்திரி என்று மறுபடி தொடங்குங்கள். ஆனால் கண் இமை வீங்குகிறது, கொப்புளம் வருகிறது, தாங்க முடியாமல் அரிக்கிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், பென்சாயில் பெராக்சைடில் சிலருக்கு அப்படி வரும். அதை மறுபடி தொடவே தொடாமல் டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ உதடு, நாக்கு வீக்கமோ இருந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

இதில் எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. எரிகிறது என்று கடையில் போய்ச் சொன்னதும் "இதைப் போடுங்க, ஒரே நாள்ல அடங்கிடும்" என்று ஒரு க்ரீம் கைக்கு வரும். என் கைக்கும் ஒரு முறை வந்தது. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. உண்மையிலேயே ஒரே நாளில் அடங்கும், முகம் வெளுத்தும் தெரியும், அதனால்தான் விடமுடியாமல் போகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்த நாளம் தெரியும், ஸ்டீராய்டாலேயே பரு கிளம்பும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. டாக்டர் தானாக எழுதிக்கொடுத்து, இத்தனை நாள் என்று சொன்னால் மட்டும் போடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறவர்களும் அதற்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டு போடக் கூடாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தருவார்கள்.

தனியாரிடம் போகக் கையில் பணம் இல்லையென்றால் மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது முகத்தில் போட்ட எல்லா ட்யூபையும், யாரோ கொடுத்தது, கடையில் கேட்டு வாங்கினது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முகம் ரொம்ப மோசமாக இருந்த நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள், நீங்கள் போகிற நாளில் அது பாதி ஆறியிருக்கும்.