சிமுலேட்டரைக் கொடுத்தார்கள், ஒன்பது எண்களை விட்டுவிட்டார்கள்

1980களில் எழுதப்பட்ட நியூரல் நெட்வொர்க் நிரல்களைத் தோண்டியெடுத்து இன்றைய கணினியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அன்றைய ஆராய்ச்சியாளர்கள் விழுந்த அதே குழிகளில், ஏறத்தாழ அதே வரிசையில் இவர்களும் விழுகிறார்கள். எனக்கும் பழக்கமான குழிகள் அவை. பழைய நிரலை மீட்கும்போது மட்டுமல்ல, தாங்கள் எழுதிய நிரலை அடுத்தவர் கையில் கொடுக்கும்போதும் இதே கதைதான். அதனால் எழுதிவைக்கிறேன்.

கோப்புகளை இறக்கும் எஃப்டிபியில் பைனரி என்று தட்டச்சு செய்ய மறந்து டார் என்ற தொகுப்புக் கோப்பைக் கெடுத்துக்கொள்வது, கோப்பின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே பிடிபட்டுவிடும். நிரல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி, தவறான விடையைத் தரும் இடங்கள்தான் ஆளைத் தின்பவை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1986இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும், விடையின் பிழையைப் பின்னோக்கி அனுப்பி வலையமைப்பின் எடைகளை, அதாவது அலகுகளுக்கு இடையிலான இணைப்புகளின் வலிமை எண்களை, திருத்தும் பேக்ப்ராபகேஷன் முறை பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு பிடிபி என்ற ஆய்வுக் குழுவுடைய நூலின் இரண்டு தொகுதிகளும் வந்தன. சூத்திரம் எல்லோர் கையிலும் இருந்தது, நிரல் இல்லை. ஆளாளுக்குச் சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். 1988இல் மெக்லேலண்டும் ரூமெல்ஹார்ட்டும் ஒரு பயிற்சிக் கையேட்டோடு நிரல்களை ஃப்ளாப்பியில் வைத்தே கொடுத்தார்கள். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கனெக்ஷனிஸ்ட் சிமுலேட்டர், ஸ்டுட்கார்ட்டின் எஸ்என்என்எஸ், டொராண்டோவின் ஸெரியான் என்று ஒவ்வொரு குழுவும், நியூரல் நெட்வொர்க்கைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் தன் சிமுலேட்டரை வெளியே விட்டது. பொட்டூவும் லெகூனும் 1987இல் எஸ்என் என்ற சிமுலேட்டரை அமிகா கணினியில் தொடங்கினார்கள். உயிருள்ள நியூரான்களை மாதிரியாக்குகிறவர்களுக்குக் கால்டெக்கிலிருந்து ஜெனிசிஸ் வந்தது. மைக்கேல் ஹைன்ஸ் எழுதிய நியூரான் என்ற சிமுலேட்டரும் வந்தது. அந்தத் தலைமுறையின் தாராள மனதைப் பாராட்டியே ஆக வேண்டும். நான் சலித்துக்கொள்வது அவர்கள் கொடுத்ததைப் பற்றியல்ல, கொடுக்காமல் விட்டதைப் பற்றி.

பெயர் ஒன்றாக இருப்பதால் சூத்திரமும் ஒன்று என்று நம்புவது

மொமென்டம் 0.9, கற்றல் வீதம் 0.1 என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கற்றல் வீதம் என்பது எடைகளை ஒரு தடவையில் எவ்வளவு திருத்துவது என்பது, மொமென்டம் என்பது முந்தைய திருத்தத்தின் வேகத்தை எவ்வளவு தொடர்வது என்பது. நீங்களும் உங்கள் சிமுலேட்டரில் அதே இரண்டு எண்களைக் கொடுக்கிறீர்கள். வலையமைப்பு ஆமை வேகத்தில் நகர்கிறது, அல்லது எகிறிக் குதித்துச் சிதறுகிறது. நீங்கள் கட்டுரையைச் சந்தேகிக்கிறீர்கள்.

மொமென்டத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். பிடிபி தொகுதிகளின் வழியில், எடை மாறினால் பிழை எவ்வளவு மாறும் என்று காட்டும் சரிவைக் கற்றல் வீதத்தால் பெருக்கி, அதோடு முந்தைய மாற்றத்தின் 0.9 பங்கைக் கூட்டுவார்கள். இன்னொரு வழியில், புதிய சரிவுக்கு 0.1 பங்கும் பழைய மாற்றத்துக்கு 0.9 பங்குமாகப் பிரித்து, சராசரிபோல எடுப்பார்கள். சரிவு ஒரே திசையில் இருக்கும்வரை முதல் முறையின் காலடி இரண்டாவதைவிடப் பத்து மடங்கு நீளம். இரண்டுக்கும் பெயர் மொமென்டம்தான், கட்டளையில் தட்டும் எண்ணும் 0.9தான்.

பிழைக்கு முன்னால் அரை என்ற பின்னம் இருக்கிறதா, எடைகளை ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் மாற்றுகிறார்களா அல்லது எல்லா மாதிரிகளும் ஒரு சுற்று முடிந்த பிறகா என்பதும் இப்படித்தான். எண்ணை நகலெடுக்கும் முன் மூலநிரலைத் திறந்து, எடை மாறும் அந்த ஒரு வரியைப் படியுங்கள். கையேட்டை அல்ல, வரியை.

தொடக்க எடைகளைக் கொடுக்காமல் விடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

எக்ஸ்ஓஆர் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளீடுகளில் ஒன்று மட்டும் 1 என்றால் விடை 1, இல்லையென்றால் 0. இரண்டு உள்ளீடு, நடுவில் இரண்டு மறைநிலை அலகு, ஒரு வெளியீடு. மொத்தம் ஆறு எடைகள், மறைநிலை, வெளியீட்டு அலகுகளில் அலகுக்கு ஒன்றாகக் கூட்டப்படும் மூன்று சார்பு எண்கள். ஆக ஒன்பது எண்கள். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் தொடங்கினால் மறைநிலை அலகுகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக ஒன்றுபோலவே நகரும், கற்றல் நடக்காது. எனவே ஒன்பதையும் ரேண்டமாகத் தொடங்குகிறோம். எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும் என்று பலரும் எண்ணினார்கள். எண்ணாதவர்களும் அப்படி எண்ணியதுபோலவே எழுதினார்கள்.

1990இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கோலனும் போலாக்கும் அந்த எண்ணத்தை உடைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே சின்ன வலையமைப்பைத்தான். தொடக்க எடைகளை மட்டும் நுணுக்கமாக நகர்த்தி, எந்தத் தொடக்கத்துக்குக் கற்றல் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். விரைவில் கற்கும் பகுதிக்கும் கற்காமல் கிடக்கும் பகுதிக்கும் இடையே நேரான எல்லைக்கோடு இல்லை. கடற்கரை வரைபடம்போல வளைந்து நெளிந்து, பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க மேலும் சிக்கலாகிக்கொண்டே போனது. தொடக்க எடைகளின் அளவு மட்டுமே கற்றல் காலத்தைப் பெரிதும் ஆட்டிவைக்கிறது என்பதையும் காட்டினார்கள். ஒன்பது எண்களுக்கே இந்தக் கூத்து.

அப்படியிருக்க, சிமுலேட்டரைக் கொடுத்துவிட்டு அந்த ஒன்பது எண்களைக் கொடுக்காமல் விட்டால் என்ன அர்த்தம்? வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்ட கதைதான். ஓர் ஆய்வகத்திலிருந்து எனக்குக் கிடைத்த தொகுப்பு ஒன்று அப்படிப்பட்டது. நிரலைத் தொகுக்க வழிசொல்லும் மேக்ஃபைல் இருந்தது, கையேடு இருந்தது, மாதிரிக் கோப்புகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. நிரலுக்குள் போனால், ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் சீடு எண் இயந்திரத்தின் கடிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அதாவது அந்தக் கட்டுரையில் உள்ள வளைகோடு ஒரு குறிப்பிட்ட நொடியில் ஓட்டியபோது வந்தது. எந்த நொடி என்பது எழுதியவருக்கும் தெரியாது. கேட்டு எழுதினேன். பெரும்பாலும் கற்றுக்கொண்டுவிடும், மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்று பதில் வந்தது.

ஒன்பது எண்கள் ஒரு வரியில் அடங்கும். கட்டுரையின் அடிக்குறிப்பில்கூட இடம் இருந்திருக்கும். 1988இன் அந்தப் பயிற்சிக் கையேட்டில் எக்ஸ்ஓஆருக்கான தொடக்க எடைகளைத் தனிக் கோப்பாகவே வைத்திருந்தார்கள், படிக்கிறவர் எல்லோரும் ஒரே பாதையில் நடக்கட்டும் என்று. பாடநூல் எழுதும்போது தோன்றிய அக்கறை ஆய்வுக் கட்டுரை எழுதும்போது பலருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

சரி, சீடு எண்ணைக் கொடுத்துவிட்டால் போதுமே என்பீர்கள். போதாது. சென்ற ஆண்டு ஒரு மாணவி பழைய சி நிரல் ஒன்றை லினக்ஸில் தொகுத்து ஓட்டினாள். மொத்தப் பிழை முதல் சுற்றில் 2.0000. நூறாவது சுற்றில் 2.0000. பத்தாயிரத்திலும் அதுவே. பிழை மேலும் குறைய வழியில்லாத ஒரு குறும்பள்ளத்தில் சிக்கிவிட்டது என்று முடிவுகட்டி, கற்றல் வீதத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வாரக்கணக்கில் போராடியிருக்கிறாள்.

எக்ஸ்ஓஆர் வலையமைப்பு வழக்கமாகச் சிக்கிக்கொண்டால் பிழை 1க்கு அருகில் நிற்கும், ஏனென்றால் நான்கு மாதிரிகளுக்கும் 0.5 என்று மழுப்பலாகப் பதில் சொல்லும். சரியாக 2 என்று நின்றால் பெரும்பாலும் அது நான்குக்கும் அடித்துச் சொல்வதுபோல 1 என்கிறது, அல்லது நான்குக்கும் 0 என்கிறது. அது சிக்கிய வலையமைப்பு அல்ல, விடை ஓரத்திலேயே உறைந்துபோன, திகட்டிய வலையமைப்பு. எடைகளை அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். நாற்பதாயிரம், பன்னிரண்டாயிரம், அறுபதாயிரம் என்று வந்தன.

காரணம் ஒரு வகுத்தல். ரேண்டம் எண் தரும் ராண்ட் என்ற நிரல்கூறு சில யூனிக்ஸ் இயந்திரங்களில் 0 முதல் 32767 வரை எண் தரும். பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழி வந்தவற்றில் 2147483647 வரை போகும். பழைய நிரலை எழுதியவர் தன் இயந்திரத்தை மனதில் வைத்து 32767ஆல் வகுத்திருந்தார், 0க்கும் 1க்கும் இடையில் விழும் என்று. இன்றைய லினக்ஸில் அதே வகுத்தல் 65 ஆயிரத்தைத் தாண்டும் எண் வரை தருகிறது. அலகின் வெளியீட்டை 0க்கும் 1க்கும் இடையில் அடக்கும் சிக்மாய்டு வளைகோடு முழுதாகப் படுத்துவிடும், அதன் சரிவு சுத்தமாகப் பூஜ்யம், எந்த எடையும் அசையாது. நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

பழைய பிஎஸ்டி ராண்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது தரும் எண்களின் கடைசி பிட் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வரும். கடைசி இரண்டு பிட்டுகள் நான்குக்கு ஒருமுறை திரும்பும். நான்கு மாதிரிகளில் ஒன்றை ரேண்டமாக எடுக்கிறோம் என்று அந்தக் கடைசி இரண்டு பிட்டுகளைப் பிடித்தவர்கள், உண்மையில் ஒரே வரிசையைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டுரையில் ரேண்டம் வரிசை என்றே எழுதியிருப்பார்கள், நல்ல நம்பிக்கையோடு.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நிரலின் முதல் வரியில் சீடு எண்ணை எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். நூலகத்தின் பதிப்பு மாறினால் எண் வரிசை மாறலாம். ஜிபியுவில் கூட்டல்களின் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறலாம். அந்தக் கடைசி இலக்கம் போதும், கோலனும் போலாக்கும் வரைந்த அந்த எல்லையைத் தாண்டிக் குதிக்க. எனவே சீடைக் கொடுங்கள், தொடக்க எடைகளையும் கோப்பாகக் கொடுங்கள். அதோடு, எத்தனை தொடக்கங்களில் ஓட்டினீர்கள், எத்தனை தோற்றன என்பதையும் எழுதுங்கள். ஒரு நல்ல ஓட்டத்தை மட்டும் எடுத்துப் படம் போடுவது பொய் இல்லைதான், ஆனால் அடுத்தவரின் ஒரு பருவத்தை விழுங்கும் உண்மை அது.

எடைகளைப் பைனரியில் சேமிப்பது

வேண்டாம். வாக்ஸ் கணினியின் பைட் வரிசை ஒன்று, சன் இயந்திரத்தின் வரிசை நேர் எதிர், வாக்ஸின் தசம வடிவமோ தனிச் சாதி. எழுத்துக் கோப்பு எங்கும் திறக்கும்.

எப்போது கற்றது என்று சொல்லாமல் விடுவது

300 சுற்றில் கற்றது என்றால், எதைக் கற்றல் என்கிறீர்கள்? இலக்கை 0, 1 என்று வைத்தீர்களா, 0.1, 0.9 என்றா? கார்னகி மெலனில் ஸ்காட் ஃபால்மன் 1988இல் பேக்ப்ராபகேஷனை வேகப்படுத்தும் குவிக்ப்ராப் முறையை முன்வைத்தபோது இதைப் பொறுமையாக எடுத்துப் பேசினார். 0.4க்குக் கீழே என்றால் 0, 0.6க்கு மேலே என்றால் 1, நடுவில் உள்ளது எதிலும் சேராது என்று அளவுகோல் வைத்தார். பாதியில் சிக்கி மறுபடி தொடங்க நேர்ந்தால், வீணான சுற்றுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

அலகுகளை எழுதாமல் விடுவது

இது நியூரான் மாதிரிகள் செய்கிறவர்களுக்கு. நியூரான் சிமுலேட்டரில் மின்னழுத்தம் மில்லிவோல்ட், நேரம் மில்லிசெகண்ட், நீளம் மைக்ரான். ஜெனிசிஸ் எந்த அலகையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் அதன் பயிற்சிகள் வோல்ட், வினாடி, மீட்டர் என்று போகும். இங்கே −65 என்பது அங்கே −0.065. இதையாவது கண்ணால் பிடித்துவிடலாம்.

பிடிபடாதது, நரம்பின் மின்துடிப்பை விவரிக்கும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளில் இருக்கிறது. 1952இன் மூலக் கட்டுரையில் ஓய்வுநிலை மின்னழுத்தம்தான் பூஜ்யம், குறியும் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். பாதி சமன்பாட்டை மூலத்திலிருந்தும் மீதியைப் பாடநூலிலிருந்தும் எடுத்து ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பநிலையும் கூடவே வருகிறது. அந்த வேக எண்கள் 6.3 டிகிரி செல்சியஸில், கணவாயின் நரம்பிழைக்குப் பொருத்தியவை. பத்து டிகிரிக்கு மூன்று மடங்கு என்ற அவர்களுடைய கணக்கின்படி 37 டிகிரியில் எல்லாம் ஏறத்தாழ 29 மடங்கு வேகமாகும். நிரலோடு வெப்பநிலையை எழுதாமல் அனுப்புகிறவர் நிரலின் பாதியைத்தான் அனுப்புகிறார்.

படம் வரையும் பகுதியைக் கணக்கோடு பின்னிவைப்பது

சன் இயந்திரங்களின் திரையில் படம் காட்டிய சன்வியூ போனது, அதை நம்பியிருந்த நிரல்களும் போயின.

உரிமம் எழுதாமல் விடுவது

இலவசம் என்று வாயால் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். அமெரிக்கா பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த 1989 மார்ச் முதல், பதிப்புரிமை அறிவிப்பு இல்லாத நிரலுக்கும் அங்கே முழுப் பாதுகாப்பு உண்டு. இரண்டு வரி அனுமதி எழுதாததால், நல்ல நோக்கத்தோடு கொடுத்த எத்தனையோ சிமுலேட்டர்களைத் திருத்தி மறுபடி வெளியிட இன்று யாருக்கும் தைரியம் இல்லை.

எழுதியவரிடம் கேட்காமல் இருப்பது

பலர் இன்றும் இருக்கிறார்கள், பதிலும் எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் நிரல் ஓடவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இயந்திரம், எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு, பிழை எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதுங்கள். 1.0 என்றா 2.0 என்றா என்பதையும் சேர்த்து.