மீட்டர் வட்டிக்கு வாங்கும் நிம்மதி

வடசென்னையில் யாரும் ‘மன அழுத்தம்’ என்று சொல்வதில்லை. ‘செம டென்ஷனா கீதுப்பா’ என்போம், முற்றினால் ‘மண்டை காயுது’. காரணம் கேட்டால் வரிசையாக வரும்: எண்ணூர் விரைவுச் சாலையில் நகராத கன்டெய்னர் லாரிகள், சொன்ன நேரத்துக்கு வராத தண்ணி லாரி, நெருங்கும் சீட்டுத் தேதி. இதெல்லாம் நம் கையில் இல்லை, சரி. ஆனால் டென்ஷன் குறையட்டும் என்று நாமாகத் தேடிப் போகும் சில பழக்கங்கள் மீட்டர் வட்டி மாதிரி. கேட்டதும் கைக்கு வரும். பிறகு அசலைவிட வட்டி பெரிதாகிவிடும்.

நானே ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்தவன்தான். தலை பாரமாக இருந்தால் ஒன்று, யாராவது திட்டினால் ஒன்று. டீயில் உள்ள கஃபீன் களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதில் பாதி கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீ இரவு 11 மணிக்கும் உள்ளே வேலை செய்கிறது என்றால் தூக்கம் எங்கிருந்து வரும்? மறுநாள் அந்தத் தூக்கக் கலக்கத்துக்கு இன்னொரு டீ. நான் மதியம் 3 மணிக்கு மேல் டீயை நிறுத்திப் பார்த்தேன். முதல் நான்கு நாள் தலைவலி பின்னியெடுத்தது. அப்புறம் தூக்கம் பிடிபட்டது.

சிகரெட் இன்னும் பெரிய ஏமாற்று. இழுத்ததும் படபடப்பு அடங்குகிறதே என்பார்கள். அந்தப் படபடப்பில் ஒரு பகுதி, முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்தது. தானே வைத்த தீயைத் தானே அணைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது. குடியும் முதலில் தூங்க வைத்துப் பின்னிரவில் எழுப்பி உட்கார வைக்கும். மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரை பக்கமே போக வேண்டாம். ஏற்கெனவே பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ஓய்வு என்று படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளுவதும் ஓய்வில்லை. அதைவிட நம் தெருமுனை கேரம் போர்டு எவ்வளவோ மேல். விரலெல்லாம் பவுடராக இருக்கும்போது யாரும் போனைத் தொடுவதில்லை, கூடவே நாலு பேர் பேச்சும் கிடைக்கிறது.

இன்னொரு தவறு, பணக் கஷ்டத்துக்கு மூச்சுப் பயிற்சி செய்வது. மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. 4 எண்ணும் வரை இழுத்து 6 எண்ணும் வரை மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு தணியும். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அதை நம்பிய வீட்டுக்கு எத்தனை மூச்சு இழுத்தாலும் வருமானம் வராது. அது முடியும் சமயத்தில்தான் பள்ளிச் செலவும் வந்து நிற்கும். தடை வருடா வருடம் அதே தேதியில் வருகிறது; அதனால் பிப்ரவரியிலேயே ஒரு தாளில் வாடகை, சீட்டு, ஃபீஸ் என்று எழுதி, எதைத் தள்ளிப் போடலாம், யாரிடம் முன்கூட்டியே பேசலாம் என்று குறித்துவைக்கலாம். தாளில் எழுதினால் கடன் குறையாது. ராத்திரி 2 மணிக்கு அதே கணக்கை மனசுக்குள் பத்து முறை போடுவது குறையும்.

நெஞ்சு வலியை ‘கேஸ்தான், டென்ஷன்தான்’ என்று சோடா குடித்துத் தள்ளிப்போடாதீர்கள். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வேர்த்துக் கொட்டினால், உடனே 108.

கடைசியாக, நம் வாயில் சாதாரணமாக வரும் ஒரு கிண்டல்: ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’. அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. அத்தனை பழைய மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கிண்டலுக்குப் பயந்தே பலர், தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் உதவி கேட்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் கீழ்ப்பாக்கம் வரைகூடப் போக வேண்டாம், ஸ்டான்லி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அக்காவையோ நண்பனையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், சீக்கிரம் கிளம்புங்கள்.