அமிகா 500-ல் 68010 சிப் மாட்டுவது எப்படி? குரு மெடிடேஷன் 8 வந்தால் என்ன செய்வது?

கமடோரின் பழைய வீட்டுக் கணினியான அமிகா 500-ல் இருக்கும் மோட்டரோலா 68000 பிராசசரைக் கழற்றிவிட்டு, அதே 64 கால் அளவில் வரும் 68010-ஐ அப்படியே சொருகலாம். ஆனால் 68000-க்கு எழுதிய எல்லா புரோகிராமும் அதில் ஓடிவிடாது.

சிப் 8 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ், டிப் வகை (இரு வரிசைக் கால்) வேண்டும். கான்டாக்ட் கிளீனரும் ஐசி புல்லரும் (சிப் கழற்றும் கருவி) சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளலாம். சிப்பை ஆன்லைனில்தான் தேட வேண்டும். 68000 மேல் 68010 என்று அச்சடித்து விற்பவர்கள் உண்டு, உஷார்.

படி 1: பவர் வயரைப் பிடுங்கிவிட்டு மூடியையும் தகர ஷீல்டையும் எடுங்கள். போர்டிலேயே நீளமான சிப்தான் 68000. அதன் பள்ளம் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து வையுங்கள்.

படி 2: இரு முனையிலும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே பக்கம் தூக்கினால் கால் வளைந்துவிடும். நம்ம ஊர் கடற்காற்றில் சாக்கெட் கறுத்திருக்கும். கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். புதுச் சிப்பின் கால்கள் சற்று விரிந்திருந்தால், மேஜைமேல் சாய்த்து வரிசையோடு அழுத்தி நேராக்கிவிட்டுச் சொருகுங்கள்.

படி 3: அமிகாவின் திரையான வொர்க்பெஞ்சில், எந்தச் சிப் இருக்கிறது என்று காட்டும் சிஸ்இன்ஃபோ புரோகிராமை ஓட்டுங்கள். 68000 என்று காட்டினால் உங்களுக்கு வந்தது போலிச் சிப்.

படி 4: சில புரோகிராம்கள் 00000008 என்ற எண்ணோடு குரு மெடிடேஷன், அதாவது அமிகாவின் கிராஷ் செய்தி, காட்டி விழும். பிராசசரின் நிலையைக் குறிக்கும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளையை 68000-ல் எந்தப் புரோகிராமும் போடலாம். 1982-ல் வந்த 68010-ல் அது சூப்பர்வைசர் மோடுக்கு (இயங்குதளத்துக்கான முழு உரிமை மோடு) மட்டுமே. தான் எந்த மோடில் ஓடுகிறோம் என்று சாதாரண புரோகிராமுக்குத் தெரிந்தால், மெய்நிகர் இயந்திரம் (ஒரு கணினிக்குள் இன்னொன்று போல இயக்குவது) ஓட்ட முடியாது என்பதே காரணம். அந்த ரெஜிஸ்டரில் கடைசிக் கணக்கின் விளைவைக் காட்டும் கண்டிஷன் கோடு மட்டும் படிக்கத் தனிக் கட்டளை கொடுத்தார்கள். ஹெக்ஸ் எண்ணில் பழையது 40சி0, புதியது 42சி0. ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம்.

டெசிஜெல் என்ற குட்டி புரோகிராம், பிழை எழும்போது குறுக்கிட்டு அந்தக் கட்டளையை மாற்றிவிடும். அதை சி: டைரக்டரியில் போட்டு, பூட் ஆகும்போது ஓடும் ஸ்டார்ட்அப்-சீக்வென்ஸ் ஃபைலில் செட்பேட்ச் வரிக்குக் கீழே அதன் பெயரைச் சேருங்கள்.

குரு எண் ‘இ’ என்று முடிந்தால், அதாவது ஹெக்ஸில் 14 என்றால், டெசிஜெல் உதவாது. எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை இடைமறிக்கும் நிகழ்வு) எழும்போது, திரும்பி வரும் தகவலாக 68000 வழக்கமாக ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் 6 பைட் வைக்கும்; 68010 குறைந்தது 8 வைக்கும். 6 என்றே நம்பி எழுதிய புரோகிராமைத் திருத்தினால்தான் உண்டு.

நேராக டிஸ்கிலிருந்து பூட் ஆகும் கேம்களில் உங்கள் ஸ்டார்ட்அப்-சீக்வென்ஸே ஓடாது, டெசிஜெல்லும் ஏறாது. அவற்றுக்காகப் பழைய 68000-ஐ ஆன்டிஸ்டேட்டிக் ஃபோமில் குத்திப் பத்திரப்படுத்துங்கள்.

நீங்களே அசெம்பிளியில் எழுதுகிறீர்களா? கண்டிஷன் கோடு படிக்க, அமிகா இயங்குதளத்தின் எக்ஸெக் லைப்ரரியில் உள்ள கெட்சிசி-யை அழையுங்கள். இரண்டு சிப்பிலும் ஓடும்.