தோட்ட வரலாற்று இடுபணிக்கு ஏ.ஐ.யை எப்படிப் பயன்படுத்துவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்ட வரலாற்றை இடுபணியாக எடுக்கும் மாணவர்கள் பலர் முதலில் சாட்ஜிபிடியைத் திறந்து, தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றது) பற்றி "பத்து ஆய்வுக் கட்டுரைகள் தா" என்று கேட்கிறார்கள். பத்தும் வந்துவிடும். ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அவற்றில் சில யாருமே எழுதாத கட்டுரைகளாக இருக்கலாம். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதும் கருவி அது. மேற்கோளின் வடிவம் தெரியும், அதை நிரப்பிக் கொடுத்துவிடும். இணையத் தேடலை இயக்கினால் இந்தத் தொல்லை குறையும், முழுக்கப் போகாது.

எனவே கட்டுரைகளை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் நீங்களே தேடுங்கள். ஏ.ஐ.யிடம் தேடுசொற்களை மட்டும் கேளுங்கள்: "1950, 60களில் தோட்டத் துண்டாடலை ஆங்கிலத்திலும் மலாய் மொழியிலும் என்னென்ன பெயரில் எழுதினார்கள்?" தமிழில் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். 'எஸ்டேட் ஃபிராக்மென்டேஷன்', 'சப்டிவிஷன்' என்று ஆங்கிலத்தில் போட்டால் நிறைய வரும். பழைய செய்திகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களைச் சொல் போட்டுத் தேடலாம்.

ஏ.ஐ. கொடுத்த கட்டுரை எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமா? அதன் டி.ஓ.ஐ. எண்ணை (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் அடையாள எண்) டி.ஓ.ஐ. தளத்தில் இட்டுப் பாருங்கள். பக்கம் திறந்துவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். எண் உண்மையாகவும் கட்டுரை வேறாகவும் இருப்பதுண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும்.

கட்டுரைகள் கையில் வந்தபின் பி.டி.எஃப். கோப்புகளைக் கூகுளின் ஏ.ஐ. கருவியான நோட்புக்எல்எம்மில் ஏற்றி, அவற்றுக்குள் மட்டும் கேள்வி கேளுங்கள். பதிலில் உள்ள எண்ணைத் தட்டினால் மூல வரி திறக்கும். அந்த வரியைப் படித்த பிறகே குறிப்பெடுங்கள்.

கேள்வியிலேயே தவறு இருந்தால் ஏ.ஐ. பெரும்பாலும் தலையாட்டிவிடும். "1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் மூன்று வெள்ளைக்காரர்கள் எப்படிக் கொல்லப்பட்டனர்?" என்று கேட்டுச் சோதியுங்கள். எல்பிலில் இறந்தவர் ஒருவர்; மற்ற இருவர் பின் சூன் தோட்டத்தில் இறந்தார்கள். திருத்திச் சொல்கிறதா, கதை கட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஏ.ஐ. அதிகம் சறுக்கும் இடம், தாத்தா பாட்டிகளின் நேர்காணல் பதிவை எழுத்தாக்கி மொழிபெயர்ப்பதில்தான். "விடியக்காலையிலே மரம் வெட்டப் போவோம்" என்று பாட்டி சொன்னால், மரத்தைச் சாய்க்கப் போனதாக ஆங்கிலத்தில் வரும். பால் என்றால் மாட்டுப் பால், லயம் என்றால் இசை. பெரட்டைக் கறிப் பிரட்டல் ஆக்கினாலும் வியப்பில்லை! ஆகவே ஒவ்வொரு புதிய உரையாடலின் தொடக்கத்திலும் ஒரு சொற்பட்டியலை ஒட்டுங்கள்:

"இது மலேசியத் தோட்டப் பேச்சு. பால்: ரப்பர் பால். மரம் வெட்டுதல்: பால் எடுக்க மரப்பட்டையைச் சீவுதல். மங்கு: பால் வடியும் கோப்பை. லயம்: தொழிலாளர் வீட்டு வரிசை. பெரட்டு: காலையில் ஆள் கணக்கெடுப்பு. கிராணி: தோட்ட எழுத்தர். பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக்காதே. ஒலி சரியாகக் கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று எழுது."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் பாட்டியின் பேச்சு செய்தி வாசிப்பாளர் தமிழாகிவிடும்.

பதிவின்போது மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியைப் பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். ஒலிக்கோப்பைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நிமிடத்தை ஒலியோடு ஒப்பிட்டால் போதும், ஆனால் கூலி, ஆண்டு, ஆள் பெயர், தோட்டப் பெயர் வரும் இடம் ஒன்றையும் விடாதீர்கள். யாரும் பேசாத இடைவெளியில்கூட இந்தக் கருவிகள் வாக்கியம் எழுதிவிடுவதுண்டு. ஏற்றுவதற்கு முன் நேர்காணல் தந்தவர்களிடம் அனுமதி கேளுங்கள். அடையாள அட்டை எண் சொன்ன பகுதியை வெட்டிவிடுங்கள். உங்கள் உரையாடலை ஏ.ஐ. தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள விடும் அமைப்பையும் (செட்டிங்) அணைத்துவிடுங்கள்.

பழைய தமிழ் நாளிதழ்ப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக்கினால் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா போன்றவற்றுக்கு வேறு வடிவம். கருவி அவற்றை இன்னோர் எழுத்தாகப் படிக்கும். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வருடி, ஒவ்வொரு பத்தியாக வெட்டிக் கொடுங்கள். முழுப் பக்கத்தையும் கொடுத்தால் பக்கத்துப் பத்தியின் வரி வந்து ஒட்டிக்கொள்ளும்.

எழுதும் வேலையை நீங்களே செய்யுங்கள். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று பின்னிணைப்பில் இரண்டு வரி போட்டு, சொற்பட்டியலையும் ஒலிக்கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் முதலில் கேட்பது அவற்றையாகவே இருக்கலாம்.