‘உட்காராதே’ என்றால் ‘படுத்தே கிட’ என்று அர்த்தமில்லை: பிட்டக் கொழுப்பு மாற்று அறுவைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.பி.எல். (பிரேசிலியன் பட் லிஃப்ட்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும், பிட்டத்தைப் பெரிதாக்கும் பிட்டக் கொழுப்பு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் ஒரு அறிவுரைத் தாள் இருக்கும். ‘உட்காரக் கூடாது’ என்பது அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கோட்டை விடுவதுதான் பெரிய தவறு. உட்காரக் கூடாதாமே என்று பத்து நாள் குப்புறப் படுத்தே கிடந்தால் பிட்டம் தப்பித்துவிடலாம். ஆனால் அசையாத காலில் ரத்தம் உறைந்துபோனால், உயிருக்கே ஆபத்து.

ஏன் உட்காரக் கூடாது என்பது புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். வயிறு, இடுப்பு, முதுகு, தொடை ஆகிய இடங்களிலிருந்து லைப்போசக்‌ஷன் மூலம் உறிஞ்சியெடுத்த கொழுப்பைச் சுத்தப்படுத்தி, மெல்லிய குழாய் வழியாகப் பிட்டத்துத் தோலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறார்கள். அந்தக் கொழுப்பு வரும்போது கூடவே ரத்தக் குழாய்களைக் கொண்டு வருவதில்லை. முதல் சில நாள்கள் சுற்றியுள்ள திசுவில் ஊறும் திரவத்தை உறிஞ்சித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம்தான் புதிய ரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே வளரும். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்கிற மாதிரிதான். அந்த நேரத்தில் உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் அழுந்தினால் வரவேண்டிய ரத்தம் வராது. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் செலுத்திய கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துதான் போகும். 20 முதல் 50 சதவீதம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

நேரடியாக உட்காராமல் இருக்கவேண்டிய காலம் குறைந்தது 2 வாரம். சில மருத்துவர்கள் 6 அல்லது 8 வாரம் வரை நீட்டிப்பார்கள். உங்கள் உடம்பில் எங்கே, எவ்வளவு கொழுப்பு வைத்தார்கள் என்பது அறுவை செய்தவருக்குத்தான் தெரியும். அதனால் அவர் சொன்ன கணக்கே உங்கள் கணக்கு. அதே மருத்துவரிடம் போன வேறொருவரின் கணக்கைக்கூட எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலையணை எங்கே போகவேண்டும்?

இதற்கென்றே விற்கும் தலையணையை வாங்கி, நேராக அதன்மேல் பிட்டத்தை வைத்து உட்காருகிறவர்கள் நிறைய. மெத்தென்று இருக்கிறதே, போதாதா என்ற எண்ணம். மூல நோய்க்காரர்கள் பயன்படுத்தும் வட்டத் தலையணையை வாங்கிவருகிறவர்களும் உண்டு. அது நடுவில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும். சுற்றிலும், அதாவது கொழுப்பு வைத்த இடத்திலேயே, எடையை இறக்கும். இங்கே தலையணை தொடைக்குத்தான். பிட்டம் முடிந்து தொடை தொடங்கும் மடிப்புக்குக் கீழே அது வரவேண்டும். பிட்டம் பின்னால் அந்தரத்தில் நிற்கவேண்டும். சரியாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பார்க்க எளிய வழி: பிட்டத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தாராளமாகப் போய்வந்தால் சரி. அமுங்கிப்போகிற சோபாவிலும், பஞ்சுத் தலையணையிலும் இந்தச் சோதனை தேறவே தேறாது. கெட்டியான ஃபோம் வேண்டும். தலையணையை முழங்காலின் பின்பக்கம் வரை தள்ளிவிடுவதும் தவறு. அங்கே அழுந்தினால் கால் மரத்துப்போகும், ரத்தம் திரும்பி மேலேறுவதும் தடைபடும். எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள்.

கழிவறையில் கமோடில் உட்காருவதைப் பற்றி ஆளாளுக்குப் பயம். முன்னால் சாய்ந்து, எடையைத் தொடையில் தாங்கி, சில நிமிடங்களில் முடித்துக்கொண்டால் கவலையில்லை. கவலை கையில் இருக்கும் போனைப் பற்றித்தான். வலுவான வலி மாத்திரைகள் சிலவற்றுக்கு மலச்சிக்கலைக் கொண்டுவரும் குணம் உண்டு. முக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட, முதல் நாளிலிருந்தே தண்ணீரும் நார்ச்சத்தும் சேர்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தையல்கள் பக்கத்திலேயே இருப்பதால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்வது கட்டாயம்.

தூங்கும்போது குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கலாம். இடுப்பின் பக்கவாட்டிலும் கொழுப்பு வைத்திருந்தால் ஒருக்களித்துப் படுப்பதும் அதை அழுத்தும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடுகிறவர்கள் அதிகம். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டோமே என்று அழவேண்டியதில்லை. திரும்பிப் படுங்கள், இரண்டு பக்கமும் தலையணை அண்டை கொடுங்கள், அவ்வளவுதான்.

கால்களை மறப்பது

பிட்டத்துக்கு ஓய்வு வேண்டும், கால்களுக்கு வேலை வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடந்தாகவேண்டும் என்பதுதான் இந்த அறுவையின் சங்கடம். பெரிய அறுவை, மயக்க மருந்து, இறுக்கமான உடை, அசையாத படுக்கை எல்லாம் சேர்ந்து காலின் ஆழமான ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைய வழிசெய்கின்றன. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிரையே எடுத்துவிடும். அறுவை நடந்த அன்றே, பிடித்துக்கொள்ள ஓர் ஆளோடு, நாலு எட்டு நடக்கவேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள்ளேயே ஒரு நடை. படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியிருக்கவேண்டும். இல்லையென்றால் இப்போதாவது சொல்லுங்கள்.

வெளிநாட்டில் அறுவை செய்துகொண்டு நான்காம் நாளே விமானம் ஏறுவது இரட்டைத் தவறு. மணிக்கணக்கில் அசையாமல் உட்காரவேண்டும், உட்காருவதும் வைத்த கொழுப்பின் மேலேயே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2009 முதல் 2022 வரை டொமினிகன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்டு இறந்த அமெரிக்கர்கள் 93 பேர். விவரமாக ஆராயப்பட்ட இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொழுப்போ ரத்தக் கட்டியோ ரத்தக் குழாயை அடைத்ததுதான் காரணம்.

இதில் கொழுப்பு அடைப்பு வேறு கதை. கொழுப்பைத் தசைக்குள் செலுத்தும்போது அங்குள்ள பெரிய சிரைகள் கிழிந்து, அது நுரையீரலுக்குப் போய்விடுவதால் வருவது. தசைக்குள் செலுத்தவே கூடாது, தோலுக்கு அடியில் மட்டும்தான் என்று உலகின் பிளாஸ்டிக் அறுவைச் சங்கங்கள் பல 2018-ல் கூட்டாக எச்சரித்தன. இதைப் பின்கவனிப்பால் சரிக்கட்ட முடியாது. அறுவைக்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்திலுள்ள அவசரப் பிரிவுக்குப் போய், என்ன அறுவை, எந்தத் தேதி என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். கூச்சத்தில் ‘வயிற்றில் சின்ன ஆபரேஷன்’ என்று மழுப்பினால் நோயைக் கண்டுபிடிக்கிற நேரம் வீணாகும்.

இறுக்க உடையும் முதல் குளியலும்

லைப்போசக்‌ஷன் செய்த இடங்களில் வீக்கத்தைக் கட்டுப்படுத்த 6 முதல் 8 வாரம் வரை இறுக்க உடை போடச் சொல்வார்கள். அது வயிற்றையும் இடுப்பையும் பிடிக்கவேண்டும், பிட்டத்தை விட்டுவிடவேண்டும். சாதாரண இறுக்க உடையை வாங்கினால் நட்டதை அதுவே நசுக்கும். இன்னும் சின்ன அளவு போட்டால் இடுப்பு சீக்கிரம் ஒடுங்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அளவுக்கு மீறிய இறுக்கம் தோலுக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்திக் கருக வைத்துவிடும். உடைக்குள் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று ஒரு நாளைக்குச் சிலமுறை தடவிப் பாருங்கள். ஒரே மடிப்பு நாள்கணக்கில் அழுத்தினால் தோலில் பள்ளம் நிலைத்துவிடக்கூடும்.

முதல்முறை அந்த உடையைக் கழற்றும் தருணத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நின்றுகொண்டே, சூடான தண்ணீர் ஆவி நிறைந்த குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு கழற்றுவார்கள். அத்தனை நேரம் பிடித்துவைத்திருந்த அழுத்தம் சட்டென்று போனதும் ரத்த அழுத்தம் இறங்கும், கண் இருட்டும், ஆள் கீழே. முன்பே ஏதாவது சாப்பிட்டு, படுத்த நிலையிலேயே மெதுவாகக் கழற்றி, சில நிமிடம் கழித்து எழுந்திருங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கதவைத் தாழிட வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும்.

முதல் இரண்டு நாள் தையலிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசிவது வழக்கமானதுதான். லைப்போசக்‌ஷனுக்காக உள்ளே செலுத்திய திரவம் வெளியேறுகிறது. அது கெட்டியாகி, நாற்றமடித்து, காய்ச்சலும் வந்தால் கதை வேறு. முதுகின் அடிப்பகுதியில் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். அந்த நீரைத் தையல் வாய் வழியாகப் பிதுக்கி எடுக்கும் ‘மசாஜ்’ ஒன்று பரவலாக நடக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் அது. வீக்கம் வடிய மென்மையாகத் தடவிவிடும் நிணநீர் மசாஜ் வேண்டுமானால் மருத்துவர் ஒப்புதலோடு, லைப்போசக்‌ஷன் செய்த இடங்களில், இறகு தடவுவது போல. பிட்டத்தின் மேல் கை வைக்கக் கூடாது.

பிட்டத்தில் ஐஸ் வைக்காதீர்கள். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நிகோட்டினும் அதையேதான் செய்கிறது. சிகரெட் மட்டுமல்ல, வேப், நிகோட்டின் பட்டை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தோல் வாரக்கணக்கில் மரத்துக் கிடக்கும், வெந்துபோனாலும் தெரியாது. வலிக்குத் தானாகவே ஐபுப்ரூஃபனோ ஆஸ்பிரினோ போட்டுக்கொள்வது ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கண்ணாடியும் தராசும்

இரண்டாம் வாரம் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்தவர்தான் ஆறாம் வாரம் ‘எல்லாம் கரைந்துவிட்டது’ என்று துவண்டுபோவார். முதலில் பார்த்ததில் பாதி வீக்கம். அது வடியும், தங்காத கொழுப்பும் கூடவே போகும். 3 மாதத்தில் ஓரளவு தெரியும், முடிவான வடிவத்துக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதற்குள் இரண்டாவது அறுவைக்குத் தேதி கேட்காதீர்கள்.

இடுப்பை இன்னும் ஒடுக்க உடனே பட்டினி கிடப்பது இன்னொரு தவறு. வேர் பிடித்த கொழுப்பும் கொழுப்புதான், எடை குறைந்தால் அதுவும் சுருங்கும். ஆறு வாரத்துக்குப் புரதமும் போதிய உணவும் வேண்டும். ஜிம்முக்கு 6 முதல் 8 வாரம் கழித்து, மருத்துவரைக் கேட்டுப் போகலாம்.

சில மாதம் கழித்துப் பிட்டத்தில் கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால் பெரும்பாலும் ரத்தம் கிடைக்காமல் செத்த கொழுப்புதான். அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். ஆனால் அது சிவந்து, வலித்து, சீழ் வைத்து, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாமல் போனால் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளாக இருக்கலாம். அவை வாரங்கள், மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். சீழிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் தனியாக வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. சில மாதங்களுக்குள் வேறு எதற்காவது ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தால், செவிலியர் வழக்கம்போல இடுப்பைக் காட்டச் சொல்வார். ‘இங்கே வேண்டாம், கையிலோ தொடையிலோ போடுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.